வதனி மிஸ் ஏசவில்லை

நானா,

சற்று முன் என் மனைவி ஒரு சில்வர்க் குவளையில் ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். தண்ணீரை அளந்து குடிக்கிற நம்மைப் போன்ற சிறுநீரகம் செத்த சாதிக்கு ஒரு ஐஸ் கட்டி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாக்குக்கு அடியில் வைத்தால் கரையும் வரைக்கும் சொர்க்கம். ஆனால் இன்று அதைக் கண்டதும் நான் கதிரையோடு சேர்ந்து பின்னுக்குப் போனேன். ஐஸ் கட்டியைப் பார்த்துப் பயந்த முதல் மனிதன் என்று திருகோணமலைச் சரித்திரத்தில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கலாம்.

காரணம், போன செவ்வாய்க்கிழமை நடந்த சங்கதி. வழக்கம்போல நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். நமக்கு ஊசி ஏற்றுகிற நர்ஸ், வதனி மிஸ் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கப். அதற்குள் ஒரு ஐஸ் கட்டி. வதனி மிஸ், நானா! நாம் எச்சில் விழுங்கினாலே "எவ்வளவு தண்ணி குடிச்சனீங்கள்?" என்று விசாரணைக் கமிஷன் வைக்கிற அதே வதனி மிஸ். கப்பை என் கையில் தந்துவிட்டு, கட்டில் ஓரமாகக் குனிந்து, பஞ்சு மாதிரிக் குரலில் கேட்டார்:

"ஐயா, இண்டைக்கு எப்பிடி இருக்கிறீங்கள்? மனசில ஏதும் யோசினை இருந்தா என்னட்டச் சொல்லுங்கோ."

கோணமலை அப்படியே பெயர்ந்து கடலுக்குள் சரிந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். கையிலிருந்து குழாய் வழியே வெளியே போய்க்கொண்டிருந்த என் இரத்தம், 'இந்த ஆளிடம் திரும்பிப் போய் இனி என்ன பயன்' என்று நடுவழியில் நின்று யோசித்தது. மெசின் ஒருதரம் கத்தியது. சத்தியமாகக் கத்தியது. நான் கையை அசைத்தபடியால்தான் அது கத்தியது. அதற்கும் மிஸ் ஏசவில்லை. பொத்தானை மெல்ல அழுத்திவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

நான் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கதோஷம், உங்களைத்தான் தேடினேன். அங்கே இப்போது கந்தளாயிலிருந்து வருகிற பண்டா ஐயா படுத்திருக்கிறார். வயல்காரர், நல்ல மனிதர், ஆனால் படுத்த கையோடு குறட்டை. ஒரு நர்ஸ் அன்பாகப் பேசினால் அதில் எவ்வளவு பயங்கரம் இருக்கிறது என்று விளங்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

நாம் சந்தித்ததே அந்த இரண்டு கட்டில்களில்தான். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். என் கணக்கில், இலங்கை தின்ற மாவில் பாதியை நான்தான் கப்பலிலிருந்து தூக்கி இறக்கினேன். நீங்கள் மூதூருக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் இடையில் கடலில் லோஞ்ச் படகு ஓட்டியவர்; வயதில் மூத்த முஸ்லிம் என்பதால் அறை முழுக்க உங்களை 'நானா' என்றே கூப்பிட்டது. பாலங்கள் கட்டி பஸ் ஓடத் தொடங்கியதும் உங்கள் லோஞ்ச் கரையேறிவிட்டது. முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: "கப்பலத் தூக்கினவரும் கடலக் கடந்தவரும் சோடியாப் படுத்திரிக்கம் தம்பி, மூத்திரம் போகக் கதியில்லாம." அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் என் ஊசி நழுவி, நாம் இருவரும் வதனி மிஸ்ஸிடம் முதல் ஏச்சை வாங்கினோம்.

அந்த ஊசி. அதைப் பற்றி வெளியில் நான் சொல்லும்போது அது கப்பலைக் கட்டுகிற இரும்புக் கம்பி அளவு. உண்மையில் சாக்குத் தைக்கிற ஊசியளவு இருக்கும், அதுவே போதும் மனிதனைக் கொல்ல. நம் இடது கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் டொக்டர் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டார். அந்த இடம் புடைத்து, தடித்து, தொட்டால் உள்ளுக்குள் இரையும். உங்கள் கையில் காதை வைத்தால் பழைய லோஞ்ச் எஞ்சின் உறுமுவது கேட்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தப் புடைப்புக்குள்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசி ஏறவேண்டும்; ஒன்று இரத்தத்தை எடுக்க, மற்றது சுத்தமாக்கித் திருப்பிக் கொடுக்க. ஊசி பிசகினால் உள்ளுக்குள்ளே இரத்தம் கசிந்து கை ஊதிவிடும். பிறகு அந்தக் கையில் வேறு இடம் கிடைக்காவிட்டால் அன்றைக்குச் சுத்திகரிப்பு இல்லை. அப்படி இரண்டு மூன்று முறை தவறினால் தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறி, கரையிலேயே மூழ்கிச் சாகலாம். ஆகவே நம்முடைய உயிர் இருந்தது மெசினில் அல்ல, ஊசி ஏற்றுகிறவரின் விரல் நுனியில்.

வதனி மிஸ்ஸின் விரல் ஒருநாளும் பிசகியதில்லை. அவர் ஏசிக்கொண்டே ஏற்றுவார். நாம் ஏச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊசி ஏறி முடிந்திருக்கும். நிறை பார்க்கிற தராசில் உங்களை ஏற்றிவிட்டு, முள் போகிற திசையைப் பார்த்து, "என்ன நானா, கொட்டியாரக் குடாவையே குடிச்சிட்டு வந்திருக்கிறீங்களோ?" என்பார். என்னிடம், "உங்கட நரம்பும் உங்கட வாயைப்போல ஓடித் திரியுது ஐயா. ரெண்டையும் ஒரு இடத்தில வையுங்கோ." உங்களுக்கு அந்த ஏச்சு கேட்காவிட்டால் பகல் சோறு இறங்காது.

பிறகுதான் ஆட்கள் குறையத் தொடங்கினார்கள். முதலில் பெரிய டொக்டர். மேல்படிப்புக்குப் போகிறேன், முடித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று நம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு தடித்த புத்தகம் போலிருக்கிறது. அவருக்குப் பதிலாக வந்தவரும் போனார். இப்போது இன்னொரு பெரிய டொக்டர் வெளியூரிலிருந்து இடைக்கிடை வந்து, ஓடி ஓடிப் பார்த்துவிட்டுப் போகிறார். டொக்டர்மாருக்குப் பின்னால் மிஸ்மார். ஒருவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பிளேன் எழும்பும்வரை வெளிநாட்டுப் பயணத்தை வெளியில் விடக்கூடாது, விட்டால் கண்ணூறு பட்டு விசா கிழியும் என்பது நம் ஊரில் எல்லா மதத்துக்கும் பொதுவான நம்பிக்கை. "ரெண்டு நாள் லீவு" என்று போவார்கள். மூன்றாம் நாள் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படம் போனில் வரும். அடுத்த கிழமை இன்னொரு மெசினுக்கு வெள்ளைத் துணி போர்த்துவார்கள். மெசின் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. நீங்கள் ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "மையத்து மாதிரிப் போர்த்தி வெச்சிரிக்கானுகள்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அன்று நான்கூடப் பகிடி விட்டுச் சிரிக்கவில்லை.

ஆனால் சும்மா பயந்துகொண்டிருக்க நாம் என்ன சாமானியர்களா? அகில உலக உளவுப்படையொன்றை அந்த இரண்டு கட்டில்களில் நிறுவினோம். அடுத்து யார் போகப்போகிறார் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது நம் படையின் கடமை. கண்டுபிடித்து என்ன செய்வது என்று நாம் யோசிக்கவில்லை. தெரிந்துகொண்டு பயப்படுவதில் ஒரு மரியாதை இருந்தது.

அந்த உளவில் நீங்கள்தான் முதல் துப்பைப் பிடித்தீர்கள். சுருட்டை முடி மிஸ் ஒருவர் இருந்தாரே, காலையில் வந்தால் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்கிறவர். திடீரென்று உங்கள் கட்டிலில் குனிந்து இங்கிலீசில் கதைக்கத் தொடங்கினார். உங்களுக்கு என்ன கவலை, எங்கே நோகிறது, நான் சொன்னது விளங்கியதா என்றெல்லாம். அறை முழுக்க அசந்துபோனது. வெளிநாட்டு வேலைக்கு நர்ஸ்மார் ஒரு இங்கிலீஸ் சோதனை எழுதவேண்டும், அதில் நோயாளியோடு கதைத்துக் காட்டவேண்டும், அன்பாகக் கதைத்தால்தான் புள்ளி என்று பிறகுதான் தெரியவந்தது. அந்தப் பிள்ளை உங்களை வைத்துப் பழகியிருக்கிறது! நீங்களும் உங்கள் கடமைக்குக் குறை வைக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஏம் வெரி வொறி, மிஸ். மை லோஞ்ச் கோன், மை கிட்னி கோன்" என்று அழுது காட்டினீர்கள். அவர் பாஸ் பண்ணிப் பறந்ததும், "என்ட இங்கிலீசாலதான் அந்தப் புள்ள தப்பினது" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள்.

அன்றிலிருந்து நமக்கு ஒரு சட்டம் பிறந்தது. நர்ஸ் ஏசினால் இருக்கிறார். அன்பு காட்டினால் போகிறார். அது ஒருமுறையும் பொய்க்கவில்லை. ஒருவர் "அப்பா" என்று கூப்பிடத் தொடங்கினால் நாம் விரலை மடக்குவோம். ஒருவர் தலையணையைத் தட்டிப் போட்டால் முடிந்தது கதை. வதனி மிஸ் மட்டும் ஏசிக்கொண்டே இருந்தார். நாம் நிம்மதியாக இருந்தோம்.

என் மகள் லண்டனில் நர்ஸாக இருப்பதை நான் அந்த அறையில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? அவள் ஒருநாள் லீவு எடுத்தால் லண்டனில் பாதிச் சனம் படுத்துவிடும், அவள் கை படாவிட்டால் அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இறங்காது. நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னீர்கள்: "ஒன்ட மகள் அங்க வெள்ளக்காரனுக்குக் குத்துறா தம்பி. ஒனக்குக் குத்த ஆளில்லாமப் போனா அவட போட்டோவக் கட்டில்ல மாட்டு." என் வாய்க்குப் பதில் வராமல் போனதைப் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

அப்படி இருக்கையில் அந்த நாள் வந்தது. நீங்கள் தராசில் ஏறினீர்கள். முதல் நாள் மூதூரில் யாரோ வீட்டுக் கல்யாணம். தண்ணீரே பழமான வத்தகப்பழத்தில் ஒரு துண்டு என்று சொன்னீர்கள், நான் அரை வத்தகையென்று மதிப்பிட்டேன். முள் பறந்தது. குடாவையும் கடலையும் சேர்த்து ஏச்சு வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வதனி மிஸ் உங்கள் முழங்கையைப் பிடித்து இறக்கி, "மெதுவா வாங்கோ நானா. மூச்சு வாங்குதா? கொஞ்சம் இருந்திட்டுப் படுக்கலாம்" என்றார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். சட்டம் சட்டம்தான்.

அன்றே அவசரக் கூட்டம் கூடினோம். வதனி மிஸ் போகிறார். போனால் நம் கைகளுக்கு ஆள் இல்லை. அந்தப் பயத்தில் என் மூளை வேலை செய்த வேகத்துக்கு ஒரு விஞ்ஞானக் கூடத்தையே நடத்தியிருக்கலாம். என் மனைவியை வேவுக்கு அனுப்பினேன். பட்டினத்துக் கடையில் வதனி மிஸ் பெரிய சூட்கேஸ் ஒன்றை விலை கேட்டதாகச் செய்தி கொண்டுவந்தாள். நீங்கள் நேரடி விசாரணையில் இறங்கினீர்கள்.

"மிஸ், லண்டன்ல இப்ப குளிராமே?"

"எனக்கெப்பிடித் தெரியும் நானா? காலை நீட்டுங்கோ, வீக்கம் பாப்பம்."

"அயலூருக்கெல்லாம் சூட்கேஸ் கொண்டு போறாங்களாமே இப்ப?"

"என்ன கதை கேக்கிறீங்கள்? மக்காவுக்கு உம்றா போற ஒரு மிஸ்ஸுக்குப் பாத்துக் குடுத்தனான். போதுமா?"

அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்தார், நானா! நான் போர்வையை வாயில் கடித்தேன். பொய் சொல்கிறார், விசா வந்துவிட்டது என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். "ஓம் தம்பி, தேடு. அந்தப் பெட்டிய விடாத. நல்லாத் தேடு" என்றீர்கள். நான் தேடினேன். அடுத்தடுத்த நாட்களில் சூட்கேஸின் நிறம், சில்லு, பூட்டு எல்லாம் உங்களிடம் வந்து ஒப்புவித்தேன். பாதி நான் கற்பித்தது. நீங்கள் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் கட்டில் வெறுமையாக இருந்தது.

மூதூருக்கு நான் பாலங்களைத் தாண்டி பஸ்ஸில் வந்தேன். நான் வந்து சேர மையத்தை எடுத்து அடக்கியும்விட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில், பெண்களோடு இருந்துவிட்டு வெளியே வந்த வதனி மிஸ்ஸைக் கண்டேன். கண் சிவந்து வீங்கியிருந்தது. நான் என்ன கேட்பதென்று தெரியாமல், "மிஸ், நீங்கள் இன்னும் போகேல்லையா?" என்றேன். அந்த இடத்தில் வேறு எந்த மனிதனும் அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டான்.

"எங்க போறது?" என்றார். பிறகு நம்முடைய சட்டம், சூட்கேஸ், உளவு எல்லாவற்றையும் நான் உளறிக்கொட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, நானாவுக்கு இதயம் போயிட்டுது. பெரிய டொக்டர் ஸ்கேன் பண்ணிப் பாத்திட்டு, இனிக் கன நாள் தாங்காது எண்டவர். அதுக்குப் பிறகு எனக்கு ஏச மனம் வரேல்ல. நானாவுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு அவர்தான் சொன்னவர். 'அவன் பெட்டியத் தேடட்டும் மிஸ், அது சின்னப் பயம், அவன் தாங்குவான்' எண்டவர்."

திரும்பி வருகிற பஸ்ஸில், கிண்ணியாப் பாலத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடிக்கக்கூடாத நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வதனி மிஸ் எனக்கு ஏசினார். நன்றாக ஏசினார். அதன்பிறகு ஒரு வருசத்துக்கு மேல் ஏசிக்கொண்டே இருந்தார். அந்த ஏச்சுக்குள் நான் பத்திரமாகக் குடியிருந்தேன்.

ஆகவே போன செவ்வாய்க்கிழமை அவர் ஐஸ் கட்டியோடு வந்து மனதில் யோசனை இருக்கிறதா என்று கேட்டபோது, எனக்குமுன் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, அவர் போகிறார். அல்லது நான் போகிறேன். உங்களுக்குப் பிறகு நம் சட்டத்தில் இரண்டாம் பிரிவு ஒன்று சேர்ந்துவிட்டதே. மிச்ச நேரம் முழுக்க நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் நெஞ்சு அடிப்பதை எண்ணப் பார்த்தேன். எண்ண எண்ண அது தன் இஷ்டத்துக்கு அடித்தது.

முடிவில் ஊசியைக் கழற்றிவிட்டு, இரத்தம் நிற்கும்வரை மிஸ் என் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் எங்கும் ஓடமுடியாது. கேட்டேன்.

"மிஸ், மறைக்காமச் சொல்லுங்கோ. போறது நானோ, நீங்களோ?"

"என்ன விசர்க் கதை ஐயா?"

"நானாவோடயும் கடைசியில இப்பிடித்தான் கதைச்சனீங்கள்."

பஞ்சை அழுத்திய விரல் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியது. அவர் சுற்றிவரப் பார்த்தார். பண்டா ஐயாவின் குறட்டையைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"நான்தான்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன், நானா. நான் சாகவில்லை! வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு நெருப்புக்குச்சி எரிகிற நேரம் இருந்திருக்கும். பிறகு அவர் விரலுக்குக் கீழே என் கை இரைவதை உணர்ந்தேன். அவர் இல்லாவிட்டால் யார்?

"அயர்லாந்து" என்றார் அடிக்குரலில். "அடுத்த மாசம். ஒருத்தருக்கும் தெரியாது. அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னனான்."

"ஐயோ மிஸ், இந்த ஊரில ஆகப் பெரிய வாய் என்ர வாய். என்னட்டப் போய்ச் சொல்லுறீங்களே!"

"தெரியும். எண்டாலும் உங்களிட்ட ஒரு உதவி வேணும்."

தோப்பூரிலிருந்து ஹஸ்னா என்று புதிய மிஸ் வந்திருக்கிறார். சின்னப் பிள்ளை, கண்ணாடி போட்டிருக்கும், நடந்தால் சத்தம் கேட்காது. வேலை எல்லாம் பிடித்துக்கொண்டது, ஊசி மட்டும் பழகவேண்டும். ஆனால் ஒருவரும் கை கொடுப்பதில்லை. அது வந்து நின்றால் எல்லோரும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "வதனி மிஸ் வரட்டும்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"நான் நிக்கேக்குள்ளேயே அவ பழகாட்டி, நான் போனாப் பிறகு ஆர் குத்துறது? உங்கட கைப் புடைப்புத்தான் பெரிசு, குத்த லேசு. நீங்கள் குடுத்தா மற்றாக்களும் குடுப்பினம். ஆனா ஒண்டு ஐயா. நீங்கள் கத்தினா முடிஞ்சுது. பிறகு ஒருத்தரும் கிட்ட எடுக்கமாட்டினம். உங்கட வாயை நினைக்கத்தான் எனக்குப் பயம்."

நான் கடைசி முயற்சியாக, "போகாம இருக்க ஏலாதா மிஸ்?" என்றேன்.

"மூண்டு பேரின்ர வேலை செய்து என்ர முதுகு போயிட்டுது ஐயா. இனி ஏலாது." பஞ்சுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டினார். "உங்கட மகள் போகேக்குள்ள, போகாத எண்டு சொன்னனீங்களா?"

மகளை வழியனுப்பக் கட்டுநாயக்கா போனபோது நான் வான் பிடித்து, மாலை வாங்கி, விமான நிலைய வாசலில் நின்ற பொலிசுக்காரனுக்குக்கூட அவள் பெருமையைச் சொன்னவன். அவள் விட்டுவிட்டுப் போன ஆஸ்பத்திரி வாட்டில் யார் யார் படுத்திருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மிஸ்ஸிடம், "சனிக்கிழமை கை தாறன்" என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுச் சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வதனி மிஸ் போகிற செய்தி நெஞ்சுக்குள் கிடந்து, பிடிபட்ட சுறா மாதிரி அடித்துக்கொண்டது. உயிரோடு உள்ள ஒருவருக்கும் சொல்லக்கூடாது. மனைவிக்கும் இல்லை, அவளுக்குச் சொன்னால் கோயில் வீதி முழுக்கத் தெரியும். இறந்தவரின் கண்ணூறு பட்டு யாருடைய விசாவும் கிழிந்ததில்லை என்ற துணிவில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் படுத்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஹஸ்னா மிஸ், இண்டைக்கு நீங்கள்தான் எனக்கு" என்றேன். பண்டா ஐயாவின் குறட்டைகூட நின்றது. அவர் போர்வையை மூக்குவரை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டில்களில் தலைகள் உயர்ந்தன. வதனி மிஸ் வந்து அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தப் பிள்ளையின் விரல் என் கையைத் தடவியது. ஐஸ் மாதிரிக் குளிர்.

முதல் ஊசி பிசகியது.

நானா, நீங்கள் என் வாயை நம்பமாட்டீர்கள், ஆகவே உள்ளபடி எழுதுகிறேன். நெருப்புக் கம்பியை ஏற்றி உள்ளுக்குள் திருகியது போல இருந்தது. தோலுக்குக் கீழே இரத்தம் பரவி, கண்முன்னால் கை ஊதிக்கொண்டு வந்தது. பழைய ஆளாக இருந்தால் நான் போட்ட சத்தத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல் நங்கூரம் தூக்கியிருக்கும். ஹஸ்னா ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தது. கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது.

"நோகுதா ஐயா?"

அறை முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வதனி மிஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோகேல்ல மகள்" என்றேன். "கொஞ்சம் மேல பாத்துப் போடுங்கோ."

மேலே பார்த்துப் போட்டது. ஏறியது. குழாயில் சிவப்பு ஓடியது. இரண்டாவது ஊசியும் ஏறியது. மெசின் சுற்றத் தொடங்கியது. பண்டா ஐயா என் ஊதிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். தன் கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, "அடுத்தமுறை பாப்பம் ஐயா" என்றார். அவ்வளவுதான். இனிச் செவ்வாய்க்கிழமை மறுபடியும் நான். அவர் கை கொடுப்பாரா என்று எனக்குத் தெரியாது. வதனி மிஸ் போவதற்குள் அந்தப் பிள்ளையின் விரல் பழகிவிடுமா என்றும் தெரியாது. அல்லது நன்றாகப் பழகி, ஒருநாள் என் கட்டில் ஓரத்தில் குனிந்து அதுவும் அன்பாகக் கதைக்கத் தொடங்குமா என்றும் தெரியாது. இரவில் இந்தக் கையில் காதை வைத்துப் பார்க்கிறேன், இரைகிறது. அது இரைகிறதா என்று பார்ப்பதற்காகவே நித்திரையில் எழும்புகிறேன்.

இன்று காலை சேர்ட் கையை மடிக்கும்போது மனைவி கண்டுவிட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீலம் பாரித்துப்போய் இருந்தது.

"ஐயோ, இதென்ன?"

"புதுப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு. கொஞ்சம் பட்டுட்டுது. நல்லாக் குத்துது, பயமில்லை."

என் வாயிலிருந்து வருகிற ஒன்றையும் அவள் நம்புவதில்லை. நான் மழை பெய்கிறது என்றால் யன்னலால் கையை நீட்டிப் பார்க்கிறவள். இதை நம்பினாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள். குசினியில் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

நான் இந்தக் கதிரையில் தனியே இருந்தேன், நானா. அவள் அப்படி உடனே நம்பிவிட்டுப் போனபோதுதான், சூட்கேஸின் சில்லையும் பூட்டையும் நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரித்துக்கொண்டு அந்தக் கட்டிலில் எவ்வளவு தனியாகக் கிடந்திருப்பீர்கள் என்று எனக்கு விளங்கியது.